தெரு யார் கணக்கில்?

ஏழைகளுக்கென்று வந்த பணத்தில் தெரு போடலாமா, கூடாதா? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி என்னை விடாமல் நச்சரிக்கிறது. சட்டப்படி தாராளமாகப் போடலாம். அதில் சந்தேகமே இல்லை, விதிமுறைகளை வரிவரியாகப் படித்தாயிற்று. சட்டப்படி சரி என்றதும் மனசு சமாதானமாகிவிடும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் இருப்பது ஒஹையோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளால் கொழித்து, பிறகு அவை ஒவ்வொன்றாக மூடப்பட, மெலிந்துபோன ஊர். பெயர் வேண்டாம், ஏனென்றால் இங்கே நடப்பதுதான் அமெரிக்காவில் இன்னும் எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. வாஷிங்டனில் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுக்கென்று ஒரு துறை உண்டு. 'ஹட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கிருந்து ஆண்டுதோறும் நகராட்சிகளுக்கு நிதி வரும். சி.டி.பி.ஜி. என்கிற சமூக மேம்பாட்டு மானியம், குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டவும் வாடகைக்கு உதவவும் 'ஹோம்' என்ற நிதி, வீடற்றவர்களுக்கான அவசரத் தங்குமிட நிதி, எச்.ஐ.வி. உள்ளவர்களின் வீட்டுவசதிக்கான நிதி என்று நான்கு. எங்கள் ஊருக்கு வருவது முதல் இரண்டு மட்டும். அதை எப்படிப் பிரிப்பது என்று நகர மன்றத்துக்குப் பரிந்துரைக்கும் ஆலோசனைக் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. காபியும் டோனட்டும் உண்டு. "ஓட்டுப் போடுற உரிமையே இல்ல, உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று இங்கிருக்கும் தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் குழுவில் சேரக் குடியுரிமை தேவையில்லை, ஊரில் வசித்தால் போதும். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பணம் வரும் வழி

1974 ஆகஸ்ட் 22 அன்று ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது சி.டி.பி.ஜி. நிக்சன் பதவி விலகி அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதுவரை நகரப் புதுப்பிப்பு, மாதிரி நகரங்கள், குடிநீர், கழிவுநீர் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் நகராட்சிகள் தனித்தனியாக விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தன. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த எத்தனை வட்டாரங்கள் இடிக்கப்பட்டன என்பது தனிக் கதை. புதுச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தது. சூத்திரத்தின்படி பங்கைக் கொடுத்துவிடுகிறேன், உன் ஊருக்கு என்ன தேவை என்று நீயே பார்த்துக்கொள் என்றது. ஆனால் செலவில் குறைந்தது எழுபது சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் எண்பது சதவீதத்தைத் தாண்டாதவர்கள்தான் இந்தக் கணக்கில் வருவார்கள்.

சூத்திரம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது மக்கள்தொகை, வறுமை, வீட்டு நெரிசல் ஆகியவற்றைப் பார்க்கிறது, அதில் வறுமைக்குப் பாதி எடை. 1977-இல் சேர்த்த இரண்டாவது, 1960-க்குப் பிறகு ஊர் மற்ற நகரங்களைப்போல வளராமல் எவ்வளவு பின்தங்கியது, வறுமை எவ்வளவு, 1940-க்கு முன் கட்டிய வீடுகள் எத்தனை என்று பார்க்கிறது. இதில் பழைய வீடுகளுக்குத்தான் பாதி எடை. இரண்டையும் போட்டுப் பார்த்து எது அதிகமோ அதைக் கொடுப்பார்கள். ஆளில்லாமல் தேய்ந்துபோன எங்களைப் போன்ற ஊர்களுக்கு இரண்டாவதுதான் லாபம். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூரை ஒழுகும் வீடும் பழைய வீடுதான், ஓக் மரப் படிக்கட்டுக்கு மெருகு போட்டுப் பத்து லட்சம் டாலருக்கு விற்கும் வீடும் பழைய வீடுதான். சூத்திரம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாஸ்டனை ஒட்டிய நியூட்டன், புரூக்லைன் போன்ற வசதியான ஊர்களுக்கும் ஆண்டுதோறும் இந்த மானியம் போகிறது.

மொத்தத் தொகையோ சுருங்கிக்கொண்டே வருகிறது. 2001 வாக்கில் நாடு முழுவதற்கும் சுமார் 440 கோடி டாலர். அண்மை ஆண்டுகளில் சுமார் 330 கோடி. இடையில் ஏறிய விலைவாசியையும் சேர்த்துப் பார்த்தால் சரிவு இன்னும் பெரிது. 2017-இல் டிரம்ப் அரசு இதை அடியோடு நிறுத்திவிடலாம் என்று பட்ஜெட்டில் முன்மொழிந்தது. நாடாளுமன்றம் கேட்கவில்லை. 2025-இலும் அதே முன்மொழிவு. இரண்டு முறையும் ஹோம் நிதியையும் சேர்த்துத்தான். அதனால் எங்கள் கூட்டங்களில் யாராவது குறை சொல்லத் தொடங்கினால், "இருப்பதையும் எடுத்துவிடப் போகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. கேள்விகளை அடக்கவும் அது வசதியாக இருக்கிறது.

பதினைந்து சதவீதத்துக்கு மல்லுக்கட்டு

பத்து லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருபது சதவீதம் வரை திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து சதவீதம் வரை சமூக சேவைகளுக்கு. முதியோருக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சாப்பாடு, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகம், வாடகைப் பிரச்சினைக்குச் சட்ட உதவி எல்லாம் இதற்குள்தான். ஆக ஒன்றரை லட்சம். கொரோனா சமயத்தில் 2020-இல் தனியாக 500 கோடி டாலர் ஒதுக்கியபோது, நோய்த்தொற்று சம்பந்தப்பட்ட சேவைகளுக்கு இந்த உச்சவரம்பை விலக்கினார்கள். மற்றபடி இது அசையாத எண்.

எங்கள் குழுவின் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றரை லட்சத்திலேயே கழியும். கேட்கிற தொகை எப்போதும் இருப்பதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு அமைப்பும் வந்து நிமிடக் கணக்கில் பேசும். நாங்கள் மதிப்பெண் போடுவோம். முதியோர் சாப்பாட்டுக்கு எண்பத்தெட்டு, காப்பகத்துக்கு எண்பத்தாறு. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் பசி பெரிதா அடி பெரிதா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்க வேண்டும். யாருக்காவது ஏதாவது ஓர் அமைப்போடு தொடர்பு இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சமயத்தில் வெளியே போய்விட வேண்டும். நான் உணவு வங்கியில் மூட்டை தூக்கியிருக்கிறேன் என்பதால் அவர்கள் முறை வரும்போது வராந்தாவில் நிற்பேன்.

கடைசியில் பந்தியில் உட்கார்ந்த எல்லோர் இலையிலும் ஏதாவது விழ வேண்டும் என்ற மனசுதான் ஜெயிக்கும். ஆளுக்கு ஐயாயிரம், எட்டாயிரம். ஆனால் ஐயாயிரம் டாலர் வாங்குகிற அமைப்பும் கூட்டாட்சிப் பதிவு எண் வாங்க வேண்டும், காப்பீடு காட்ட வேண்டும், ஊழியர்களின் மணிக்கணக்கை எழுதிவைக்க வேண்டும், வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தையும் பதிய வேண்டும், கோப்புகளைப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தேவாலயத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய குழு ஒன்று, கிடைத்த பணத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. அந்தத் தாள்களை நிரப்ப ஓர் ஆளைப் போட்டால் பணம் அந்த ஆளுக்கே சரியாகிவிடும் என்றார்கள். தனியாகக் கணக்காளர் வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சண்டையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மீதி ஆறரை லட்சம் ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருக்கும். எங்களுக்குக் கொடுக்கும் அட்டவணையில் அதற்கு நேரே "தெரு மறுசீரமைப்பு", "வீடு பழுதுபார்ப்பு" என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். தொகைகளும் போட்டிருக்கும். முதல் வரி எப்போதும் இரண்டாவதைவிடப் பெரிது. ஊழியர்கள் அதை மறைப்பதில்லை, கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

நூலகத்தில் ஒரு மாலை

திட்டத்தை இறுதி செய்யும் முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு. வரைவை முப்பது நாள் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். நம்மூர் கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தைச் சுற்றுக்கு விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வந்தவர்களின் கையெழுத்துத் தாள்தான் முக்கிய ஆவணம். அன்று கிளை நூலகத்தில் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நிதி கேட்கும் அமைப்புகளின் ஊழியர்கள். மீதியில் ஒருவர் ஊரின் கிழக்குப் பக்கத்தில் பல காலமாக இருக்கும் கறுப்பின மூதாட்டி. இவரை எனக்கு முன்பே தெரியும். கூரைப் பழுதுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்.

அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். நூற்றுக்குக் குறைந்தது ஐம்பத்தொரு பேராவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களாக இருக்கும் பகுதிகளுக்கு ஊதா நிறம். ஒரு பகுதி ஊதாவாக இருந்தால் அங்கே போடும் தெரு தகுதி பெற்றுவிடும். தனியாக யாருடைய வருமானத்தையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"இதில் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு வருகிறது?"

"பெரும்பகுதி உங்களுக்குத்தான். இந்த ஆண்டுத் தெருக்கள் எல்லாமே கிழக்குப் பக்கம்தான்" என்றார் அதிகாரி, கொஞ்சம் பெருமையாகவே.

"கோல்ஃப் மைதானத்துப் பக்கம் போன கோடையில் தெரு போட்டீர்களே, அது எந்தப் பணம்?"

"அது நகராட்சியின் பொது நிதி, மேடம்."

"அப்போது அவர்கள் தெரு வரிப்பணத்தில். எங்கள் தெரு ஏழைகள் பணத்தில். நானும்தான் வரி கட்டுகிறேன், அந்த வரி எங்கே போனது?"

அறையில் யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். தெரு போடுவது உங்கள் வேலை. நாங்கள் ஏழைகள் என்று காட்டி வாங்கிய பணத்தில் உங்கள் வேலையை முடித்துக்கொண்டு, எங்களுக்குக் கொடுத்ததாக எழுதிக்கொள்கிறீர்கள். என் கூரை அப்படியே இருக்கிறது. கிட்டத்தட்ட இவ்வளவுதான் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்தவர் பேச எழுந்தார்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பொறியியல் பிரிவுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவர் சொல்வது புரிகிறது. ஆனால் இந்தப் பணம் இல்லையென்றால் அந்தத் தெரு இன்னும் பத்து வருஷம் அப்படியேதான் கிடந்திருக்கும்." பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓட்டி வரும்போது, அந்த அம்மாவின் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. நகராட்சியின் சொந்தப் பணம் அந்தத் தெருவுக்கு இன்னும் பத்து வருஷம் வராது என்று நகராட்சி ஊழியரே சொல்கிறார்.

தெரு ஏன் ஜெயிக்கிறது

யாரும் உட்கார்ந்து சதி செய்வதாக நான் நினைக்கவில்லை. விதிகளே பணத்தைத் தெருப்பக்கம் தள்ளுகின்றன. முதல் காரணம் நாட்காட்டி. திட்ட ஆண்டு முடிய அறுபது நாள் இருக்கும்போது, செலவாகாமல் கிடக்கும் பணம் அந்த ஆண்டு மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எச்சரிக்கை, தொடர்ந்து தாண்டினால் வெட்டு. ஆகவே சீக்கிரம் செலவாகும் வேலைதான் நல்ல வேலை. தெரு என்றால் ஒரு டெண்டர், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு கோடை. வீட்டுப் பழுது அப்படி இல்லை. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும், அவர் இறந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும், ஐந்து வாரிசுகள் ஐந்து மாநிலத்தில் இருப்பார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் சுவர்ப்பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை 25,000 டாலரைத் தாண்டினால் ஈய ஆபத்தை முழுவதுமாக நீக்கியாக வேண்டும். கூரைக்கென்று போனால் ஜன்னல் சட்டங்களில் போய் நிற்கும். இவ்வளவு தாள்வேலைக்குச் சம்மதிக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களும் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. ஒரு வீட்டுக் கூரையைப் போட்டால் ஆண்டறிக்கையில் பயனாளி ஒரு குடும்பம். ஒரு தெருவைப் போட்டால் அந்த வட்டாரத்தில் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கும் அத்தனை பேரும் பயனாளிகள். அந்தத் தெருவில் கால் வைக்காதவர்கள்கூட. நகர மன்றத்தில் எந்த எண்ணைப் படித்தால் கைதட்டல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. சமூக சேவைகளுக்கு ஒரு காவல் விதி இருக்கிறது. நகராட்சி தன் பணத்தில் கடந்த பன்னிரண்டு மாதம் செய்துவந்த சேவையை அப்படியே தூக்கி இந்தப் பணத்துக்கு மாற்றக் கூடாது. ஒன்று புதிய சேவையாக இருக்க வேண்டும், அல்லது கூடுதலாகச் செய்வதாக இருக்க வேண்டும். தெருவுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே இருப்பது வேறொரு தடை: வழக்கமான பராமரிப்புக்குச் செலவழிக்கக் கூடாது. பள்ளத்தை அடைக்க முடியாது, தெருவையே பெயர்த்துப் புதிதாகப் போடலாம். அப்படியென்றால் ஊதாப் பகுதித் தெருவில் பள்ளம் விழுந்த ஆண்டே நகராட்சி தன் கைக்காசைப் போட்டு அடைப்பதைவிட, அது மொத்தமாகப் பாழாகும்வரை விட்டுவைப்பது சிக்கனம். இதை யாரும் யோசித்துச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமலே இப்படி நடந்துவிடக்கூடிய ஏற்பாடு இது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடுவீதியில் சக்கர நாற்காலியில் போகிறவரைக் கிழக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் சரிவுப் பாதை இல்லாததால். அங்கே சரிவும் தெருவும் போட்டபோது அதை ஏழைகளுக்கான செலவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? கூரை ஒரு குடும்பத்துக்கு, தெரு எல்லோருக்கும் என்பதிலும் உண்மை இருக்கிறது. என் மனசு ஒரு பக்கமாகச் சாயாததற்கு இதுதான் காரணம்.

ஒரு கவுன்டி கொடுத்த விலை

இந்தப் பணத்தை வாங்கும்போது ஒவ்வொரு ஆண்டும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். குடியிருப்பில் இன, நிறப் பாகுபாட்டைக் களைய முனைந்து செயல்படுவோம் என்பது அதில் ஒன்று. பல காலம் அதை ஒரு சடங்காகவே நினைத்திருந்தார்கள். நியூயார்க் நகரை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) மீது 2006-இல் ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டு 5 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலும் வெள்ளையரே வாழும் ஊர்களில் மலிவு வீடுகள் ஏன் வருவதில்லை என்று நிறத்தை வைத்து ஒருமுறைகூட ஆராயவில்லை, ஆகவே அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்பது வாதம். 2009 பிப்ரவரியில் நீதிபதி டெனிஸ் கோட், கவுன்டியின் உறுதிமொழிகள் பொய்யானவை என்றார். அந்த ஆகஸ்டில் 6.25 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் ஆனது. பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஊர்களில் ஏழு ஆண்டுகளில் 750 மலிவு வீடுகள் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அதற்கப்புறமும் நீண்ட இழுபறி.

எங்கள் ஊரின் விஷயம் அந்த அளவுக்குப் போகாது, யாரும் வழக்குப் போடப்போவதும் இல்லை. ஆனால் அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஏழைகள் இருக்கும் இடத்திலேயே ஏழைகளுக்கான பணத்தைக் கொட்டிவிட்டு, ஊரின் மற்ற பகுதிகளைப் பற்றிக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வது எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை.

தனிப் பத்தி

அந்த முப்பது நாளுக்குள் நான் ஓர் எழுத்துபூர்வக் கருத்துக் கொடுத்தேன். குழு உறுப்பினராக அல்ல, ஊர்க்காரனாக. கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு தெருத் திட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள், அதே வட்டாரத்தில் கடந்த ஆண்டுகளில் பொது நிதியிலிருந்து தெருவுக்குச் செலவழித்தது எவ்வளவு என்று. வந்த கருத்துகளைத் திட்டத்தோடு இணைத்து, ஏற்காதவற்றுக்குக் காரணமும் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினார்கள். அப்படி ஒரு தகவலை ஹட் கேட்பதில்லை என்பது காரணம். நகராட்சி பட்ஜெட் துறைவாரியாகத் தயாராகிறது, வட்டாரவாரியாக அல்ல என்பது இரண்டாவது வரி. இரண்டும் உண்மைதான்.

பொறியியல் பிரிவின் தெருப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஒரு கோப்பு. தெருப் பெயர், எங்கிருந்து எங்குவரை, எந்த நிதி. அதை வைத்து வார இறுதிகளில் ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை தெரிவது இதுதான். இரண்டு நிதியையும் சேர்த்துப் பார்த்தால் கிழக்குப் பக்கம் மற்ற பகுதிகளுக்குச் சமமாகவே வாங்குகிறது, அதிகாரிகள் பாகுபாடு இல்லை என்று சொல்வது அதனால்தான். கூட்டாட்சிப் பணத்தை எடுத்துவிட்டுப் பொது நிதியை மட்டும் பார்த்தால் கிழக்குப் பக்கம் கிட்டத்தட்ட வெறும் தாள். அந்த அம்மா வரைபடம் எதுவும் இல்லாமல் சொன்னதும் அதைத்தான்.

மதிப்பெண் போடும் எங்கள் குழுவால் இதை மாற்ற முடியாது. ஏனென்றால் இது எங்கள் அட்டவணையிலேயே இல்லை. பொது நிதி பட்ஜெட்டுக்கு வேறு கூட்டம், வேறு மாதம், நகர மன்ற மண்டபத்தில். இலையுதிர் காலக் கடைசியில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குச் சமூக மேம்பாட்டு நிதிக்காக வருகிறவர்கள் யாரும் போவதில்லை. அங்கே பேசுவது தீயணைப்பு, காவல், குப்பை. கிழக்குப் பக்கத் தெருக்களைப் பொது நிதிக்கு மாற்றச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அப்படி விடுபடும் மானியத்தைக் கூரைகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் கொதிகலன்களுக்கும் திருப்பச் சொல்ல வேண்டும். அப்புறம் நாட்காட்டி விதியோடு மோத வேண்டியிருக்கும். வீட்டுப் பழுதை வேகப்படுத்த இன்னும் ஓர் ஆய்வாளரையாவது போட வேண்டும், அதற்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வியும் வரும். ஏற்கெனவே காத்திருப்போர் பட்டியல் நீளம்.

இதையெல்லாம் அந்த அம்மாவின் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். விதி எண்கள்வரை சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த இன்னொரு கூட்டம் என்றைக்கு?" என்று மட்டும் கேட்டார். தேதி இன்னும் அறிவிக்கவில்லை என்றேன். தெருவில் இருப்பவர்களையும் தேவாலயத்தில் இருந்து சிலரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: எந்தெந்தத் தெரு எந்தப் பணத்தில் போடப்பட்டது என்று ஒரே தாளில், பெரிய எழுத்தில் வேண்டுமாம். விதி எண்கள் வேண்டாமாம்.